வீட்டுக்கு ஒரு பச்சிங்கோ: 1/319 வாங்குவதா, 1/99 வாங்குவதா?

பச்சிங்கோ என்பது சிறு எஃகுக் குண்டுகளை ஆணிகள் நிறைந்த பலகையில் எறிந்து ஆடும் ஜப்பானிய இயந்திர ஆட்டம். வீட்டில் வைத்து விளையாட அப்படி ஓர் இயந்திரம் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘எந்த இயந்திரம் அதிகம் கொடுக்கும்?’ என்பதுதான். ‘ஹால்’ எனப்படும் பச்சிங்கோ கூடத்தில் அது நியாயமான கேள்வி. அங்கே ஒரு குண்டுக்கு 4 யென் வரை கொடுத்து வாடகைக்கு எடுக்கிறீர்கள். திரும்பி வரும் குண்டுகளுக்குப் பரிசு உண்டு. வீட்டிலோ போகிற குண்டும் உங்களுடையது, வருகிற குண்டும் உங்களுடையது. ஆறாயிரம் குண்டுகள் கொட்டினாலும் அவை உங்கள் இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து முன்புறத்துக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அதற்காக வாய்ப்புக் கணக்கு வீட்டில் பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. ஹாலில் பணத்தை அளந்த அதே எண்கள் வீட்டில் நேரத்தை அளக்கின்றன. இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் உட்காரும் ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் ஏதாவது நடக்குமா, நடக்காதா? கடையில் எந்த இயந்திரத்தைக் காட்டினாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஜப்பானில் ஓய்வுபெற்ற ஹால் இயந்திரங்களைத் தனியாருக்கு விற்கும் கடைகள் ஏராளம். ஓர் இயந்திரத்துக்கான அரசு அங்கீகாரம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கூட்டம் குறைந்துவிட்டால் அதற்கு முன்பே ஹால்கள் கழற்றிவிடும். புதிதாக நான்கைந்து லட்சம் யென்னுக்கு ஹால் வாங்கிய இயந்திரம், அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு உங்கள் வாசலில் வந்து இறங்கும். எது வந்து இறங்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

## அந்தப் பின்னம் எதைச் சொல்கிறது

விவரத் தாளில் முதலில் கண்ணில் படுவது 1/319.7, 1/199.8, 1/99.9 போன்ற எண்கள். இந்த விசித்திரமான தசமங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்தால் பாதி மர்மம் விலகிவிடும். ஒரு குண்டு நடுவிலுள்ள ‘ஹெசோ’ என்ற தொடக்கக் குழிக்குள் விழும் கணத்தில் இயந்திரம் ஓர் எண்ணை எடுக்கிறது. பெரும்பாலான மாடல்களில் அந்த எண் 65,536 எண்களில் ஒன்று. அவற்றில் 205 எண்கள் வெற்றி எண்கள் என்றால் வாய்ப்பு 1/319.7. 328 என்றால் 1/199.8. 656 என்றால் 1/99.9.

திரையில் எண்கள் உருண்டு, நாயகன் வாளை உருவி, ஒளி சிவந்து, பொத்தானை அழுத்தச் சொல்லி உங்களைப் பதறவைக்கும் நேரத்தில் முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. நீங்கள் பார்ப்பது அறிவிப்பு மட்டுமே. பொத்தானை வேகமாக அழுத்தினாலும் மெதுவாக அழுத்தினாலும் ஒன்றுதான்.

இப்படி ஒரு குலுக்கலும் அதையொட்டித் திரையில் எண்கள் உருள்வதும்தான் ஒரு சுழற்சி. இந்தக் குலுக்கலுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஐந்து முறை தாயம் விழவில்லை என்பதற்காக ஆறாவது உருட்டலில் தாயக்கட்டை இரக்கம் காட்டுவதில்லை அல்லவா? 600 சுழற்சிகள் வெறுமையாகப் போன இயந்திரத்துக்கும் இப்போதுதான் சுவிட்ச் போட்ட இயந்திரத்துக்கும் அடுத்த சுழற்சியில் வாய்ப்பு ஒன்றே. (ஒரு விதிவிலக்கு உண்டு, ‘யூடைம்’ பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.)

அந்தப் பின்னம் முதல் ஜாக்பாட்டுக்கானது மட்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். இக்கால இயந்திரங்களில் முதல் ஜாக்பாட் பெரும்பாலும் ஒரு நுழைவாயில்தான். உண்மையான கொண்டாட்டம் அதற்குப் பின் வரும் ‘ரஷ்’ என்ற, அடுத்த வெற்றி எளிதாகக் கிடைக்கும் வேகக் கட்டத்தில் இருக்கிறது. ரஷ்ஷுக்குள் நுழையும் சதவீதம் ஓர் எண், உள்ளே நுழைந்தபின் அது தொடரும் சதவீதம் இன்னோர் எண். இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காதவர் விவரத் தாளைப் படிக்காதவரே.

## எதை வைத்து அளப்பது

வீட்டுக்கு என் அளவுகோல்கள் நான்கு:

1. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு ஜாக்பாட்டாவது பார்க்கும் வாய்ப்பு என்ன?
2. ரஷ் எத்தனை மணிக்கு ஒருமுறை வரும், வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும்?
3. அந்த வாய்ப்பை அடைய எத்தனை குண்டுகள் புரள வேண்டும்? சத்தமும் எடையும் முதுகுவலியும் இதில் அடங்கும்.
4. வாங்கிய விலைக்கு மேல் வேறென்ன செலவு?

கணக்குக்காக, நிதானமாக ஆடினால் மணிக்குச் சுமார் 200 சுழற்சிகள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி நிமிடத்துக்கு 100 குண்டுகளுக்கு மேல் இயந்திரம் எறியக் கூடாது. திரைக் காட்சிகளும் இடைநிறுத்தங்களும் சேரும்போது 200 என்பது கைக்கு வரும் எண். அதன்படி (முதல் நிரலில் இருப்பவை இயந்திரங்களின் வகைப்பெயர்கள், ஒவ்வொன்றும் பின்னால் வரும்):

| வகை | முதல் வாய்ப்பு | பாதிப் பேர் ஜாக்பாட் பார்த்துவிடும் சுழற்சி | 1 மணி நேரம் வெறுமையாகப் போகும் வாய்ப்பு | 2 மணி நேரம் வெறுமையாகப் போகும் வாய்ப்பு |
|---|---|---|---|---|
| பழைய மேக்ஸ் | 1/399.6 | 277 | 61% | 37% |
| ஸ்மார்ட் பச்சிங்கோ (உயர் வகை) | 1/348.6 | 242 | 56% | 32% |
| மிடில் | 1/319.7 | 222 | 53% | 29% |
| லைட் மிடில் | 1/199.8 | 139 | 37% | 13% |
| அமாடெஜி | 1/99.9 | 69 | 13% | 2% |

நான்காவது நிரலை இன்னொரு முறை பாருங்கள். மிடில் வாங்கியவர் வாரத்தில் ஆறு மாலைகள் ஒவ்வொரு மணி நேரம் ஆடினால், சராசரியாக அவற்றில் மூன்றுக்கு மேல் ஒன்றுமே நடக்காமல் கழியும். ரஷ் கணக்கு இன்னும் வரவேயில்லை. இது முதல் ஜாக்பாட்டுக்கு மட்டும்.

## முதல் முடிவு: குண்டு உண்டா, இல்லையா

வாய்ப்பு வகையைத் தேர்வதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கடைசியில் கேட்கிறார்கள். வீட்டில் பச்சிங்கோவை மூன்று விதமாக இயக்கலாம்.

வெறும் குண்டுகளோடு. இயந்திரம், மின்மாற்றி, ஒரு வாளி எஃகுக் குண்டுகள். ஹாலில் இயந்திரத்தின் பின்னால் குண்டுகளை ஏற்றி இறக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கும். வீட்டில் அந்த ஏற்பாடு நீங்கள்தான். பின்னால் விழுந்ததை அள்ளி மேல் தொட்டியில் கொட்ட வேண்டும். ஒரு குண்டு 11 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ ஐந்தரை கிராம். 250 குண்டுகளுக்கு 18 சுழற்சிகள் கிடைக்கும் இயந்திரம் என்று கொண்டால், 1/319.7-இல் ஒரு முதல் ஜாக்பாட்டுக்குச் சராசரியாக 4,400 குண்டுகளுக்கு மேல் செலவாகும். கிட்டத்தட்ட 24 கிலோ எஃகை அள்ளிக் கொட்டியிருப்பீர்கள். அமாடெஜியில் அதே கணக்கு 1,400 குண்டுகளுக்கும் ஏழரை கிலோவுக்கும் அருகில் நிற்கும்.

சுழற்சிக் கருவியோடு. விழும் குண்டுகளைத் தானாக மேலேற்றும் லிஃப்டர் ஒன்றைப் பின்னால் பொருத்தித் தருவார்கள். சில நூறு குண்டுகள் போதும். கூடுதல் செலவு உண்டு. ஆனால் குண்டோடு ஆட விரும்புபவர் இதைத் தவிர்த்து மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

குண்டே இல்லாமல். ஹெசோவில் குண்டு விழுந்ததாக இயந்திரத்துக்குச் சமிக்ஞை அனுப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செருகிவிடுவார்கள். குலுக்கல், திரை, இசை, அதிர்வு எல்லாம் நடக்கும்; எஃகு மட்டும் உருளாது. ஆணிகளின் குறுக்கீடு இல்லை, குலுக்கலுக்குக் காத்திருக்கும் வரிசை எப்போதும் நிரம்பியே இருக்கும், ஆகவே மணிக்குரிய சுழற்சிகளும் கூடும். அண்டை வீட்டார் நன்றி சொல்வார்கள்.

இந்த மூன்றில் எதுவும் முதல் வாய்ப்பை மாற்றுவதில்லை. குலுக்கல் நடக்கும் மூலப் பலகை முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கிறது. ‘வாய்ப்பைக் கூட்டித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் பெட்டியைத் திறந்து கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள்; அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நேர்மையான வழி ஒன்று மட்டும் உண்டு. 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளுக்குப் பின், ஆறு படிகள் வரை ‘அமைப்பு’ மாற்றக்கூடிய பச்சிங்கோ இயந்திரங்கள் வந்தன. ஆறாம் படியில் முதல் வாய்ப்பு ஒன்றாம் படியைவிடத் தாராளமாக இருக்கும். ஹாலில் உங்களுக்கு ஆறாம் படி கிடைப்பது அபூர்வம். வீட்டில் சாவி உங்கள் கையில். அத்தகைய இயந்திரத்தை வாங்கினால், அமைப்புச் சாவியும் சேர்த்து வருகிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். சாவியில்லாமல் வந்தால் முந்தைய ஹால் விட்டுச்சென்ற படியிலேயே இருக்க வேண்டியதுதான்.

## மிடில்: 1/319 வட்டாரம்

இன்று கடைகளில் அதிகம் கிடைப்பதும் ஆசையை அதிகம் தூண்டுவதும் இதுதான். 2015 வரை 1/399 வரை போன மேக்ஸ் வகை நிறுத்தப்பட்டு, கீழ்வரம்பு 1/320 என்று ஆனபின் உற்பத்தியாளர்கள் தங்கள் முழுத் திறமையையும் கொட்டியது இங்கே.

உதாரணத்துக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். 2021 டிசம்பரில் ஹால்களுக்கு வந்து பெரும் வெற்றி பெற்ற, இவாஞ்சலியன் அனிமே கதையை ஒட்டிய ‘மிராய் எ நோ ஹோகோ’. முதல் வாய்ப்பு 1/319.7. முதல் ஜாக்பாட்களில் 59 சதவீதம் நேராக ரஷ்ஷுக்குள் போகின்றன. மீதி 41 சதவீதத்துக்கு 100 வேகச் சுழற்சிகள் ஆறுதல் பரிசு. அந்த நூறில், அதே 1/319.7 வாய்ப்பில், வென்று ரஷ்ஷுக்குள் நுழைவது சுமார் 27 சதவீதம். ஆக மொத்த நுழைவு 70 சதவீதம். உள்ளே வாய்ப்பு 1/99.4-க்கு உயர்ந்து 163 சுழற்சிகள் கிடைக்கும். 163 சுழற்சிகளில் ஒருமுறையாவது வெல்லும் வாய்ப்பைக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 81 சதவீதம். தொடர்ச்சி 81 சதவீதம் என்று விளம்பரத்தில் வரும் எண் வேறொன்றுமில்லை, இதுதான்.

இதை மாலைப்பொழுதாக மாற்றினால் என்ன கிடைக்கிறது? ஒரு ரஷ்ஷுக்குச் சராசரியாக 457 சுழற்சிகள், நம் கணக்கில் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ரஷ்ஷே பார்க்காமல் எழுந்திருக்கும் வாய்ப்பு 40 சதவீதத்துக்குச் சற்று மேல். ரஷ் வந்துவிட்டால் உள்ளே சராசரியாக நான்கு முறைக்குச் சற்று அதிகமாக வெல்வீர்கள். ஆனால் சராசரி இங்கே ஏமாற்றுக்காரன். 19 சதவீத ரஷ்கள் ஒரு வெற்றிகூட இல்லாமல் முடிகின்றன. நான்கு அல்லது அதற்கு மேல் போவது 43 சதவீதம். பத்தைத் தொடுவது 12 சதவீதம். அந்த 12 சதவீதம்தான் சராசரியைத் தூக்கிப்பிடிக்கிறது, ஆட்டக்காரர்களின் நினைவிலும் அதுதான் தங்குகிறது.

ஒவ்வொரு வெற்றிக்கும் ‘1,500 குண்டுகள்’ என்று எழுதியிருக்கும். அட்டாக்கர் என்ற அகலக் கதவில் விழும் ஒவ்வொரு குண்டுக்கும் 15 பரிசுக் குண்டுகள், சுற்றுக்குப் பத்து குண்டுகள், பத்துச் சுற்றுகள். உள்ளே விழும் அந்த நூறும் நீங்கள் எறிந்தவையே என்பதால் நிகர வரவு 1,400-ஐ ஒட்டித்தான் இருக்கும். வீட்டில் இதற்குப் பண மதிப்பு இல்லை. சுழற்சிக் கருவி இல்லாதவரின் தொட்டியில் மட்டும் இதற்கு மதிப்பு உண்டு. ஆறு வெற்றிகள் தொடர்ந்தால் 9,000 குண்டுகளை இயந்திரம் கேட்கும். கையில் மூவாயிரம் வைத்திருப்பவர் கொண்டாட்டத்தின் உச்சியில் கீழே குனிந்து அள்ளிக்கொண்டிருப்பார்.

இனி நான் சொன்ன விதிவிலக்கு. 2020 முதல் வந்த சில மாடல்களில் யூடைம் என்ற உச்சவரம்பு உண்டு. வெற்றியில்லாச் சுழற்சிகள் முதல் வாய்ப்பின் பகுதியெண்ணைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கை எட்டினால், இயந்திரம் தானாகவே வேகச் சுழற்சிகளைத் திறந்துவிடும். மிடிலில் 950 என்ற எண்ணைப் பார்க்கலாம். ஹாலில் இரவோடு இரவாக நினைவகத்தை அழித்துவிட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும். வீட்டில் அழிப்பவர் நீங்கள் ஒருவரே. இன்று 400-இல் நிறுத்தினால் நாளை 401-இலிருந்து தொடரலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு இது உண்மையான வசதி. ஆனாலும் 950 வரை வெறுமையாகப் போவது இருபதில் ஒருமுறைதான் நடக்கும். யூடைமுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், இருந்தால் மகிழ்ச்சி.

2024 மார்ச் முதல் ‘லக்கி டிரிகர்’ என்ற இன்னோர் அடுக்கு சேர்ந்திருக்கிறது. முதல் ஜாக்பாட், ரஷ், அதற்கு மேல் இது. அடுக்கு கூடக் கூட உச்சி உயரமாகும், உச்சியைப் பார்க்கும் மாலைகள் குறையும். வீட்டு ஆட்டக்காரர் மூன்று சதவீதங்களையும் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

மிடில் யாருக்குப் பொருந்தும்? குண்டில்லாப் பெட்டியோடு ஆடுபவருக்கு. எஃகின் சுகம் போனபின் மிஞ்சுவது திரையும் இசையும் ரஷ்ஷின் பதற்றமும்தான். அவை மிகச் சிறப்பாக இருப்பது இந்த வகையில். பெட்டி சுழற்சிகளை ஓட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சட்டைக்கு இஸ்திரி போடலாம், ரஷ் வந்ததும் திரும்பிப் பார்க்கலாம். கதையின் ரசிகராக வாங்குபவருக்கும் இதுவே.

## அமாடெஜி: 1/99 வட்டாரம்

பெயரிலேயே இனிப்பு உள்ள (‘அமாய்’ என்றால் ஜப்பானிய மொழியில் இனிப்பானது) இந்த வகையை ஹால் வீரர்கள் சிலர் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. ஒரு வெற்றிக்குச் சில நூறு குண்டுகள்தான், தொடர்ச்சியும் பொதுவாகக் குறைவு, கணக்குப் பார்த்தால் கடைசியில் எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். பணக் கணக்கில் அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. வீட்டில் அந்த ஏளனத்துக்கு வேலையில்லை.

ஒரு மணி நேரத்தில் 87 சதவீத மாலைகள் ஏதாவது ஒன்றைத் தரும். 300 சுழற்சிகள் வெறுமையாகப் போவது இருபதில் ஒருமுறை. மிடிலில் அதே துரதிர்ஷ்டத்தைச் சந்திக்க 950 சுழற்சிகள் ஆகும். சுழற்சிக் கருவியோ வாளியோ, எதுவானாலும் குண்டுச் சுமை மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலான வெற்றிகள் சிறியவை என்பதால் தொட்டி காலியாகி ஆட்டம் நிற்பதும் அரிது. ஜாக்பாட்டைப் பார்க்க விரும்பும் விருந்தாளியை அரை மணி நேரம் உட்கார வைத்தாலும் 63 சதவீதம் அவருக்கு ஒன்றைக் காட்டிவிடலாம்.

நகோயாவின் சான்யோ புஸ்ஸான் நிறுவனம் 1999-இல் தொடங்கிய ‘ஊமி மோனோகதாரி’ கடல் வரிசையில் அமாடெஜிப் பதிப்புகள் தொடர்ந்து வருகின்றன. மீன்களும் சிப்பிகளும் மெதுவாக உருளும், ஆர்ப்பாட்டம் குறைவு, கத்தாது. ஹால்களில் முதியவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் குண்டோடு ஆடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் இயந்திரத்தை நான் சொல்ல மாட்டேன்.

குறை? உயரம் இல்லை. ஐந்து மாலைகளில் ஐந்து சிறு வெற்றிகள் என்பது ஆறாவது மாலையில் சலிப்பாக மாறலாம். ஒரே பெரிய அலைக்காகப் பத்து மாலைகள் காத்திருக்கும் சுபாவம் உள்ளவர்கள் இதை வாங்கினால் மூன்று மாதத்தில் விற்றுவிடுவார்கள்.

## லைட் மிடில்: 1/199 வட்டாரம்

எண்களில் நடுவில் நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் 63 சதவீதம் ஒன்றைப் பார்ப்பீர்கள். கருவியோடும் ஆடலாம், பெட்டியோடும் ஆடலாம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது: பல மாடல்கள் முதல் வாய்ப்பைத் தாராளமாக்கிவிட்டு ரஷ் நுழைவைக் கிள்ளிவிடுகின்றன. 1/199.8 முதல் வாய்ப்பும் 40 சதவீத நுழைவும் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டால், ரஷ்ஷுக்குச் சராசரி 500 சுழற்சிகள். மேலே பார்த்த மிடிலோ 457-இல் உள்ளே விட்டுவிடுகிறது. முதல் எண்ணை மட்டும் பார்த்து ‘எளிதானது’ என்று வாங்கினால், எளிதாகக் கிடைப்பது சின்ன வெற்றிகளும் மூடிய கதவும். முதல் வாய்ப்பின் பகுதியெண்ணை நுழைவுச் சதவீதத்தால் வகுத்துப் பார்க்காமல் இந்த வகையில் எதையும் வாங்காதீர்கள்.

## ஹனெமோனோ: திரையின் தயவில்லாமல்

1981-இல் ஹெய்வா நிறுவனத்தின் ஜீரோ டைகர் தொடங்கிவைத்த இறக்கை இயந்திரங்கள் இவை. குண்டு குறிப்பிட்ட குழியில் விழுந்தால் நடுவிலுள்ள இறக்கைகள் ஒரு கணம் விரியும். உள்ளே சிக்கிய குண்டு உருண்டு, தட்டி, தடுமாறி ‘வி’ என்ற குழிக்குள் போனால் வெற்றி. பின்வந்த பல மாடல்களில் எத்தனை சுற்று என்பதை அதன்பின் குலுக்கல் தீர்மானிக்கும். ஆனால் அந்த உருளல் உங்கள் கண்முன்னே, உண்மையான எஃகில் நடக்கிறது.

இதற்கு விவரத் தாளில் நேரான பின்னம் கிடையாது. வாய்ப்பு என்பது ஆணிகளிலும் இயந்திரத்தின் சாய்விலும் இருக்கிறது. மேல்முனை சில மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னால் சாய்ந்தாலும், இடவலமாகச் சற்றுக் கோணினாலும் குண்டின் போக்கு மாறிவிடும். வாங்கினால் நீர்மட்டம் ஒன்றும் வாங்குங்கள். குண்டில்லாப் பெட்டி இதற்கு அர்த்தமற்றது என்று சொல்லத் தேவையில்லை. கைவேலையில் ஆர்வமுள்ளவருக்கு, திரையில் ஓடும் கதைகள் சலித்தவருக்கு, இதுதான். கிடைப்பதுதான் கடினம், புதிய மாடல்கள் மிகக் குறைவு, பழையவற்றுக்கு உதிரிபாகம் தேடித்தான் எடுக்க வேண்டும்.

## பழைய மேக்ஸும் ஸ்மார்ட் பச்சிங்கோவும்

பெயரின் முன்னெழுத்தே காலத்தைச் சொல்லிவிடும். ‘சி.ஆர்.’ என்றால் 2018-க்கு முந்தைய விதிகள், ‘பி’ என்றால் பிந்தையவை, ‘இ’ என்றால் 2023 ஏப்ரலில் தொடங்கிய ஸ்மார்ட் வகை.

சி.ஆர். மேக்ஸ் மலிவாகக் கிடைக்கும். 16 சுற்றுகள், 2,400 குண்டுகள் என்ற பழைய பிரம்மாண்டம் இன்று எந்தப் புதிய இயந்திரத்திலும் ஒரே ஜாக்பாட்டில் கிடைக்காது. ஆனால் மணி நேரங்களில் 61 சதவீதம் வெறுமை. பழைய நாட்களின் ஏக்கம் இருப்பவர் பெட்டியோடு வாங்கட்டும்; மற்றவர்களுக்கு வேண்டாம்.

ஸ்மார்ட் வகையில் குண்டுகள் உள்ளேயே அடைபட்டுச் சுழல்கின்றன. கையால் தொடவே முடியாது. கேட்டால் வீட்டுக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் ஹாலில் அது பக்கத்திலுள்ள தனி யூனிட்டோடு பேசிக்கொண்டுதான் இயங்குகிறது; வீட்டில் அந்த யூனிட்டின் வேலையைச் செய்ய மாற்றுக் கருவி வேண்டும். கடை அதைப் பொருத்தி, ஓட்டிக்காட்டி, வீடியோ அனுப்பினால் ஒழியப் பணம் கொடுக்காதீர்கள். வரம்பு 1/350 வரை தளர்ந்திருப்பதால் காத்திருப்பும் மிடிலைவிட நீளம்.

## ரசீதில் தெரியாத செலவுகள்

இயந்திரங்கள் 24 வோல்ட் மாறுமின்சாரத்தில் ஓடுபவை. ஜப்பான் வீட்டின் 100 வோல்ட்டை இறக்கித் தரும் மின்மாற்றி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊர் திரும்பும்போது எடுத்துவரலாம் என்ற எண்ணம் உள்ள நம்மவர்கள் கவனிக்க: அந்த 100 வோல்ட் மின்மாற்றியை இந்தியாவின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அத்தோடு கதை முடிந்தது.

வெளிச்சட்டம் 81 சென்டிமீட்டர் உயரம், 52 சென்டிமீட்டர் அகலம். தனியாள் தூக்கக்கூடிய எடை அல்ல. நிற்க வைக்க உறுதியான தாங்கி வேண்டும். தாங்கி தள்ளாடினால் குண்டோட்டமும் தள்ளாடும்.

பேச்சொலியையும் இசையையும் குறைத்துவிடலாம், இக்கால மாடல்களில் திரையிலேயே வசதி உண்டு. நிமிடத்துக்கு நூறு எஃகுக் குண்டுகள் ஆணிகளில் மோதும் ஒலிக்கு அப்படி ஒரு பொத்தான் கிடையாது. மெல்லிய சுவர்கள் கொண்ட மரக்கட்டட அடுக்கு வீட்டில் இருப்பவர் அமாடெஜியா மிடிலா என்று யோசிப்பதற்கு முன்பே அவருக்கான விடை பெட்டிதான்.

ஆணிகளைப் பற்றி விற்பவர் பேசமாட்டார். உங்களுக்கு வரும் இயந்திரத்தில் இருப்பது கடைசி ஹாலின் ஆணி நிலை. ஹெசோவுக்கு மேலுள்ள இரண்டு ஆணிகளின் இடைவெளி ஒடுங்கியிருந்தால் 250 குண்டுக்கு 18 சுழற்சி என்பது 12 ஆகிவிடும். தாளில் 1/99 என்று இருப்பது கையில் 1/150 போல ஊர்ந்து போகும். உங்கள் சொந்த இயந்திரத்தில் சிறு சுத்தியலும் அளவுத் தகடும் கொண்டு திருத்திக்கொள்ளலாம். பொறுமை இல்லாதவர் கைவைக்க வேண்டாம், வளைந்த பித்தளை ஆணி அடிக்கடி நிமிர்த்தினால் முறியும்.

சலித்தபின் வெளியேற்றுவதும் செலவுதான். பெரிய குப்பைப் பொருளாக உங்கள் நகராட்சி எடுத்துக்கொள்ளுமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். திரும்ப வாங்கும் கடையாக இருந்தால் மேல்.

நண்பர்கள் கூடும்போது ‘ஆளுக்கு ஆயிரம் யென்’ என்று பந்தயம் வைக்கத் தோன்றும். ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சூதாட்டத்தைத் தண்டனைக்குரியதாக்குகிறது. வரவேற்பறை என்பதால் விலக்கு இல்லை. இதைவிட நுட்பமான ஆபத்து இன்னொன்று. வீட்டில் 6,000 குண்டுகள் வந்த இரவில் ‘ஹாலில் என்றால் இது 24,000 யென்’ என்று மனம் பெருக்கிப் பார்க்கும். அதற்கு முன்னால் வெறுமையாய்ப் போன மாலைகளை அதே 4-ஆல் பெருக்க அது மறந்துவிடும்.

## வாங்கும் முறையில் ஒரு யோசனை

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், ஒரே உற்பத்தியாளரின் ஒரே தலைமுறைச் சட்டத்தில் பல ஆட்டப் பலகைகளை மாற்றி மாட்டலாம் என்பதை நினைவில் வையுங்கள். சட்டத்தோடு சேர்த்து முதல் இயந்திரத்தை வாங்கிவிட்டால், இரண்டாவது ஆட்டத்துக்குப் பலகை மட்டும் போதும். விலையும் அனுப்பும் கூலியும் கணிசமாகக் குறையும். அமாடெஜியும் மிடிலும் ஒரே சட்டத்தில் பொருந்தும் ஜோடியாகத் தேடுங்கள். வார நாட்களில் ஒன்று, சனிக்கிழமை மற்றொன்று. மாற்றி மாட்டுவதற்குச் சற்று நேரமும் இன்னொரு ஜோடிக் கையும் வேண்டும். எந்தச் சட்டத்துக்கு எந்தப் பலகை என்று கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த சட்டங்கள்கூட ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதுண்டு.